அரசியலமைப்பு, ஒற்றையாட்சி, சமஷ்டி: இலங்கையின் யாப்புகளினூடாக ஒரு பார்வை

அரசறிவியல் படிக்கத் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே மனனம் செய்துவிடும் சில வரைவிலக்கணங்கள் உண்டு. அரசியலமைப்பு என்றால் என்ன, ஒற்றையாட்சி என்றால் என்ன, சமஷ்டி என்றால் என்ன? ஆளுக்கு நான்கு வரி. எழுதினால் புள்ளி கிடைக்கும். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும்.

ஆனால் எங்கள் நாட்டில் இவை வெறும் பாடப்புத்தகச் சொற்கள் அல்ல. ஒரு தோட்டத் தொழிலாளிக்கு வாக்கு உண்டா இல்லையா என்பதையும், ஓர் அரசாங்க எழுதுவினைஞருக்குச் சம்பள உயர்ச்சி கிடைக்குமா என்பதையும் தீர்மானித்தவை இவைதான். எனவே இந்த எண்ணக்கருக்களை இலங்கையின் யாப்பு வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசியலமைப்பு இருந்தால் போதுமா?

அரசியலமைப்பு என்பது ஒரு நாட்டின் அதிமேலான சட்டம். அரசாங்கத்தின் உறுப்புகள் எவை, அவற்றின் அதிகாரம் என்ன, அவற்றுக்கும் மக்களுக்கும் இடையிலான உறவு என்ன என்பதை அது கூறுகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த விளக்கம்.

ஆனால் அரசியலமைப்பு இருப்பது வேறு, அரசியலமைப்புக்கு உட்பட்ட அரசாங்கம் இருப்பது வேறு. சர்வாதிகாரிகள் ஆண்ட பல நாடுகளிலும் அழகாக அச்சிட்ட அரசியலமைப்புகள் இருந்தன. மறுபக்கத்தில் பிரித்தானியாவுக்கு ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லை. ஆயினும் அங்கு அரசாங்கம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே இயங்குகிறது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? சுருக்கமாகச் சொன்னால், அரசியலமைப்பு அரசாங்கம் என்பது எல்லையிடப்பட்ட அரசாங்கம். "இதற்கு மேல் நீ போகக்கூடாது" என்று ஆட்சியாளரைப் பார்த்துச் சொல்லும் ஒரு கோடு அங்கே இருக்கும். தேர்தலில் பெரும்பான்மை பெற்றவர்களையும் அந்தக் கோடு கட்டுப்படுத்தும். இதற்கு இரண்டு விடயங்கள் தேவை.

1. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும்.
2. யாராவது அதைத் தாண்டினால் தடுக்கக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும்.

பெரும்பாலான நூல்கள் முதலாவதைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. எங்கள் வரலாறு இரண்டாவதைப் பற்றியது.

ஒற்றையாட்சியும் சமஷ்டியும்

ஒற்றையாட்சியில் இறைமையுள்ள சட்டவாக்க அதிகாரம் ஒரே மையத்தில் இருக்கும். உள்ளூராட்சி மன்றங்களோ மாகாண சபைகளோ இருக்கலாம். ஆனால் அவை மையம் கொடுத்த அதிகாரத்தில்தான் வாழ்கின்றன. சமஷ்டியில் மத்திக்கும் மாநிலங்களுக்கும் அரசியலமைப்பே நேரடியாக அதிகாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒரு தரப்பு தனியாக நின்று அந்தப் பங்கீட்டை மாற்ற முடியாது. பிணக்கு வந்தால் தீர்ப்பதற்கு ஒரு நீதிமன்றம் அல்லது வேறொரு நடுநிலை ஏற்பாடு இருக்கும்.

இரண்டையும் வேறுபடுத்த இலகுவான ஒரு கேள்வி உண்டு: கொடுத்ததை மையம் தன்னிச்சையாகத் திருப்பி எடுக்க முடியுமா? முடியும் என்றால், பெயர் எதுவாக இருந்தாலும் அது ஒற்றையாட்சிதான்.

வட அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு 1921 முதல் சொந்தப் பாராளுமன்றம் இருந்தது. கலவரம் முற்றியபோது 1972 மார்ச்சில் லண்டன் அரசாங்கம் அதை இடைநிறுத்தி நேரடி ஆட்சியைக் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டுகள் இயங்கிய ஒரு சட்டமன்றம் சில நாட்களில் செயலிழந்தது. அமெரிக்காவின் மத்திய அரசாங்கம் ஒரு மாநிலச் சட்டமன்றத்தை இவ்வாறு செய்ய முடியாது. 1848 முதல் சமஷ்டியாக இருக்கும் சுவிற்சர்லாந்திலும் முடியாது.

இந்தியா இவற்றுக்கு இடைப்பட்டது. 1950 அரசியலமைப்பு மூன்று நிரல்களில் அதிகாரங்களைப் பிரித்துக் கொடுத்தது. ஆனால் 3ஆம் உறுப்புரையின்படி ஒரு மாநிலத்தின் எல்லையைப் பாராளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையாலேயே மாற்றலாம். 2019இல் ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாக மாற்றப்பட்டது இதற்கு அண்மைய உதாரணம். அதனால்தான் இந்தியாவை அரைச் சமஷ்டி என்று பலர் அழைக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சமஷ்டி என்பது பிரிவினை அல்ல. பிரிந்து போக விரும்புபவர் தனி அரசு கேட்பார். சமஷ்டி கேட்பவர் ஒரே நாட்டுக்குள் இருந்துகொண்டு பங்கு கேட்கிறார். இது சாதாரண விடயம்தான். ஆனால் இலங்கையில் இதை நீதிமன்றம் சொல்வதற்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

சமஷ்டியை முதலில் கேட்டவர்கள் யார்?

இந்தக் கேள்விக்குப் பலர் "தமிழர்" என்று பதில் சொல்வார்கள். வரலாறு வேறு விதமாக இருக்கிறது.

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் கைக்குப் போனது. அதன் பிறகும் கண்டிப் பிரதேசங்கள் தனி நிர்வாகமாகவே இருந்தன. கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தின் பின் 1833இல்தான் தீவு முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது. அதாவது இலங்கையின் ஒற்றையாட்சி அமைப்புக்கு அப்போது நூறு வயதுகூட ஆகவில்லை.

1926இல் ஒக்ஸ்போர்டில் படித்து முடித்துத் திரும்பியிருந்த ஓர் இளைஞர் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதி, இலங்கைக்குச் சமஷ்டியே பொருத்தம் என்று வாதாடினார். அதே ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தும் அதைப் பற்றி உரையாற்றினார். சுவிற்சர்லாந்தை அவர் உதாரணமாகக் காட்டினார். அவர்தான் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. 30 ஆண்டுகளின் பின் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே பண்டாரநாயக்க.

அடுத்த ஆண்டு டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. கண்டியச் சிங்களவரின் அமைப்பான கண்டியத் தேசியப் பேரவை அதன் முன் சென்று சமஷ்டி ஆட்சியைக் கோரியது. கண்டியர், கரையோரச் சிங்களவர், வடக்குக் கிழக்குத் தமிழர் என்று மூன்று அலகுகள் என்பதே அவர்களது யோசனை. கரையோரச் சிங்களவர் தங்களை விழுங்கிவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

அன்றைய தமிழ்த் தலைவர்களோ சமஷ்டியில் அக்கறை காட்டவில்லை. மையத்தில் தங்களுக்குப் போதிய இடம் வேண்டும் என்பதே அவர்களது நிலைப்பாடு. ஜி.ஜி. பொன்னம்பலம் சோல்பரி ஆணைக்குழுவின் முன் வைத்த ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையும் அப்படிப்பட்டதே. அது அதிகாரத்தைப் பிரதேசங்களுக்குப் பகிரச் சொல்லவில்லை. கொழும்புப் பாராளுமன்றத்தின் ஆசனங்களைப் பகிரச் சொன்னது.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. சமஷ்டி எந்த ஓர் இனத்தின் சொத்தும் அல்ல. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் பெரும்பான்மையைப் பார்த்து அஞ்சும்போதெல்லாம் அந்த எண்ணம் எழுகிறது.

29ஆம் பிரிவு: தாளில் எழுதிய எல்லை

சோல்பரி ஆணைக்குழு ஐம்பதுக்கு ஐம்பதையும் ஏற்கவில்லை, சமஷ்டியையும் தரவில்லை. அதற்குப் பதிலாக யாப்பில் 29(2) என்ற பிரிவு இடம்பெற்றது. ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தையும், அவர்களுக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தையும் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்பது அதன் சாரம். மீறினால் அந்தச் சட்டம் செல்லாது என்று 29(3) கூறியது.

பார்ப்பதற்கு இது வலுவான பாதுகாப்பு. அது எப்படி வேலை செய்தது என்பதற்கு இரண்டு வழக்குகளைப் பார்க்கலாம்.

முதலாவது, மலையக மக்களைப் பற்றியது. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. தந்தை அல்லது பாட்டன் இலங்கையில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும் போன்ற நிபந்தனைகளால், தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். லயத்தில் பிறந்தவரிடம் பாட்டனின் பிறப்புப் பதிவு எங்கே இருக்கும்? 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமை பறிபோனது. 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுக்கு 1952இல் சொந்தப் பிரதிநிதி என்று ஒருவரும் இல்லை.

இதை எதிர்த்த கோடாக்கன்பிள்ளை வழக்கு லண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1953இல் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் வாசகம் எந்த இனத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, யார் பிரஜை என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை, எனவே 29(2) மீறப்படவில்லை என்று கூறப்பட்டது. கோடு இருந்தது. ஆனால் அதைத் தாண்டியதாக நடுவர் ஏற்கவில்லை. அம்மக்களின் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இடையில் 55 ஆண்டுகள்.

இரண்டாவது வழக்கு கோடீஸ்வரனுடையது. 1956இல் சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்ற சட்டம் வந்தது. கோடீஸ்வரன் கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத காரணத்தால் 1962இல் அவருக்கு உரிய வருடாந்தச் சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். சில ரூபாய்களைப் பற்றிய வழக்குத்தான். ஆனால் அதற்குள் இருந்த கேள்வி பெரியது: அரச கரும மொழிச் சட்டமே 29(2)க்கு முரணானதா?

1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் "ஆம், முரணானது" என்றது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர்நீதிமன்றம் அந்தப் பெரிய கேள்வியைத் தொடவில்லை. அரச ஊழியர் ஒருவர் சம்பளத்துக்காக முடியை எதிர்த்து வழக்காட முடியாது என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. 1969 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில் அதைப் பிழை என்றது. வழக்காடலாம், எனவே மொழிச் சட்டம் செல்லுமா என்பதை உயர்நீதிமன்றமே தீர்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது.

அந்தத் தீர்ப்பு வரவே இல்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழி ஒழிக்கப்பட்டது. 1972இல் 29ஆம் பிரிவே இல்லாமல் போனது. எல்லை மீறப்பட்டதா என்று நடுவர் சொல்வதற்கு முன் ஆடுகளத்தின் கோடே அழிக்கப்பட்டுவிட்டது.

ஒப்பந்தங்கள் ஏன் நிலைக்கவில்லை?

மலையக மக்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையை ஒட்டித் தமிழ்க் காங்கிரஸ் உடைந்தது. எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தலைமையில் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது. அதன் அடிப்படைக் கோரிக்கை சமஷ்டி. 29ஆம் பிரிவு போன்ற ஒரு வாசகத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள் எனலாம்.

சமஷ்டி கிடைக்காத நிலையில் அதற்குக் குறைந்த ஏற்பாடுகளுக்கும் அவர்கள் உடன்பட்டார்கள். 1957 ஜூலையில் பண்டா - செல்வா ஒப்பந்தம் பிராந்திய சபைகளை வாக்களித்தது. 1958 ஏப்ரலில், பிக்குகள் பிரதமரின் இல்லத்துக்கு முன் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்த பின், அது கைவிடப்பட்டது. 1965 மார்ச்சில் டட்லி - செல்வா ஒப்பந்தம் மாவட்ட சபைகளை வாக்களித்தது. 1968இல் அதுவும் கைவிடப்பட்டது.

இரண்டு தலைவர்களும் மனதார ஏமாற்றினார்கள் என்று சொல்வது இலகு. ஆனால் யாப்பு மாணவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டுமே இரு தலைவர்களுக்கு இடையிலான உடன்பாடுகள். அவற்றைக் காப்பதற்கு நீதிமன்றமோ யாப்புப் பிரிவோ இருக்கவில்லை. அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சி என்ன சொல்லும் என்ற பயம் ஒன்றே அவற்றை உடைக்கப் போதுமானதாக இருந்தது.

1972 யாப்பு

1970இல் பெரு வெற்றி பெற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி அரசாங்கம், பாராளுமன்ற உறுப்பினர்களையே அரசியல் நிர்ணய சபையாகக் கூட்டியது. பழைய யாப்பின் திருத்த விதிகளுக்குள் நிற்காமல் புதிதாகத் தொடங்குவதே இதன் நோக்கம். கூட்டங்கள் பாராளுமன்றக் கட்டடத்தில் நடக்காமல் கொழும்பு நவரங்கஹலவில் நடந்ததும் இதை உணர்த்தவே. பொறுப்பான அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த இடதுசாரித் தலைவர்களில் அவர் முக்கியமானவர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

தமிழரசுக் கட்சி சபையில் பங்குபற்றியது. ஒற்றையாட்சி என்ற தீர்மானத்துக்குப் பதிலாகச் சமஷ்டியைக் கோரித் திருத்தம் கொண்டுவந்து வி. தர்மலிங்கம் பேசினார். அது தோற்றது. மொழி பற்றிய கோரிக்கையும் தோற்றபின் 1971 ஜூனில் கட்சி வெளியேறியது.

1972 மே 22இல் இலங்கை குடியரசானது. அது ஒற்றையாட்சி அரசு என்று யாப்பில் முதற்தடவையாக எழுதப்பட்டது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கப்பட்டது. சிங்களம் அரச கரும மொழியாக யாப்பிலேயே இடம்பெற்றது. அடிப்படை உரிமைகள் பட்டியலிடப்பட்டாலும், நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று கூறும் அதிகாரம் நீக்கப்பட்டது. தேசிய அரசுப் பேரவையே அரச அதிகாரத்தின் உச்சக் கருவி ஆனது.

அன்னியர் எழுதிய யாப்பை விட்டுச் சொந்த யாப்பை உருவாக்குவது நியாயமான விருப்பமே. ஆனால் எங்கள் முதற் கேள்விக்கு வருவோம். பெரும்பான்மையைக் கட்டுப்படுத்தும் கோடு எங்கே? 1972இன் பின் அதற்குப் பதில் இருக்கவில்லை. நான்கு ஆண்டுகளில், 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனி அரசைக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. சமஷ்டி கேட்டவர்கள் பிரிவினை கேட்டவர்களாக மாறியது இந்த வரிசையில்தான்.

13ஆவது திருத்தமும் மாகாண சபைகளும்

1978 யாப்பு ஒற்றையாட்சியை 2ஆம் உறுப்புரையில் வைத்ததோடு, அதை மாற்றுவதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் தேவை என்று பூட்டும் போட்டது. 1983 ஜூலை வன்செயலின் பின் வந்த 6ஆவது திருத்தம் தனி அரசை ஆதரிப்பதைத் தடை செய்தது.

போர் தீவிரமான நிலையில் 1987 ஜூலை 29இல் இலங்கை - இந்திய ஒப்பந்தம் கையெழுத்தாகி, நவம்பரில் 13ஆவது திருத்தம் வந்தது. இந்தியாவில் உள்ளது போன்றே மூன்று நிரல்கள் அதில் உண்டு: மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல். தமிழும் அரச கரும மொழியானது.

இது ஒற்றையாட்சியை மீறுகிறதா என்ற கேள்வி 9 நீதியரசர்கள் முன் வந்தது. அவர்கள் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிளவுபட்டனர். திருத்தத்தை அனுமதித்த தரப்பின் வாதம் மிக முக்கியமானது. பாராளுமன்றம் தன் மேலாதிக்கத்தை இழக்கவில்லை, மாகாண சபைகள் அதற்குக் கீழ்ப்பட்டவையே, ஆகவே இது சமஷ்டி அல்ல, ஆகவே சர்வசன வாக்கெடுப்பு வேண்டியதில்லை. அதிகாரம் முழுமையாகக் கைமாறவில்லை என்பதே திருத்தம் நிறைவேறியதற்குக் காரணமாயிற்று!

நடைமுறையும் அவ்வாறே அமைந்தது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கை வகுப்பது ஒதுக்கிய நிரலில், அதாவது மத்தியின் கையில். எழுதப்பட்ட காணி, பொலிஸ் அதிகாரங்கள் முழுமையாக மாகாணங்களுக்குச் செல்லவில்லை. 1988இல் இணைக்கப்பட்ட வடக்கும் கிழக்கும் 2006 நீதிமன்றத் தீர்ப்பின் பின் 2007 ஜனவரியில் பிரிந்தன. 2014இல் ஊவாவுக்குத் தேர்தல் நடந்த பின் பல ஆண்டுகள் எந்த மாகாண சபைக்கும் தேர்தல் நடத்தப்படவில்லை. 2019க்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்து, மாகாணங்கள் ஆளுநர்களின் கீழ் வந்தன.

இருந்தும் எழுத்தில் உள்ள ஏற்பாடு சில வேளைகளில் வேலை செய்தது. 2012இல் திவிநெகும சட்டமூலம் மாகாணங்களுக்குரிய விடயங்களைத் தொடுவதால் முதலில் எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பப்பட வேண்டும் என்று உயர்நீதிமன்றம் கூறியது. அப்போது வட மாகாணத்துக்குத் தெரிவான சபை இருக்கவில்லை. ஆளுநர் தந்த சம்மதம் சபையின் சம்மதம் ஆகாது என்றும் நீதிமன்றம் கூறியது. அந்த நவம்பரிலேயே பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராகக் குற்றப் பிரேரணை வந்தது. 2013 ஜனவரியில் அவர் பதவி நீக்கப்பட்டார். 2015இல் ஆட்சி மாறிய பின் அந்த நீக்கம் செல்லாது எனக் கொள்ளப்பட்டு அவர் மீண்டும் பதவிக்கு வந்தார். கோட்டைக் காப்பவரையும் யாராவது காக்க வேண்டும் என்பதற்கு இது உதாரணம்.

ஒரு சொல்லின் விடுதலை

இவ்வளவு காலமும் "சமஷ்டி" என்ற சொல் தென்னிலங்கையில் பிரிவினை என்றே விளங்கப்பட்டது. அந்த அச்சத்தை வெறும் இனவாதம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பெரிய அயல்நாடு அருகில் இருக்கும் ஒரு சிறிய தீவு, நீண்ட போரைக் கண்ட நாடு, அப்படி அஞ்சுவதில் வியப்பில்லை.

தமிழரசுக் கட்சி தன் யாப்பில் சமஷ்டியை நோக்கமாகக் கொண்டிருப்பதால் அது தனி அரசையே நாடுகிறது என்று கூறி ஒரு வழக்குத் தாக்கலானது. 2017 ஆகஸ்ட் 4இல் உயர்நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஒரே நாட்டுக்குள் சமஷ்டி ஆட்சி கோருவது பிரிவினை ஆகாது என்பதே தீர்ப்பு. யாழ்ப்பாணத்தில் பண்டாரநாயக்க பேசி 91 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நாம் அறிந்துகொள்வது

1. நல்ல வாசகம் மட்டும் பாதுகாப்பு ஆகாது. 29ஆம் பிரிவு நல்ல வாசகம்தான். அதன் பின்னால் நிற்க அதிகாரமுள்ள எவரும் நாட்டுக்குள் இருக்கவில்லை. சமஷ்டியின் பயன் இங்கேதான் இருக்கிறது. தேர்தலில் தெரிவான ஒரு மாநில அரசாங்கமும், அதன் சட்டமன்றமும், அதன் நிதியும் அந்தக் கோட்டின் மறுபக்கத்தில் நின்று அதைக் காக்கின்றன.

2. சமஷ்டியும் எல்லாவற்றையும் தீர்க்காது. மலையக மக்களும், நாடெங்கும் பரந்து வாழும் முஸ்லிம்களும், வடக்குக் கிழக்கில் வாழும் சிங்களவரும் தனி அலகால் மட்டும் பாதுகாப்புப் பெற முடியாது. 1948இல் நாடற்றவர் ஆனவர்களுக்கு வடக்குக் கிழக்கில் ஒரு மாநிலம் இருந்திருந்தால் என்ன பயன்? அவர்களுக்குத் தேவைப்பட்டது உறுதியான உரிமைகளும் துணிவான நீதிமன்றமும். ஆகவே அதிகாரப் பகிர்வும் உரிமைப் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

3. பெயரைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஒற்றையாட்சி என்ற பெயரில் நிறைய அதிகாரம் பகிரலாம், சமஷ்டி என்ற பெயரில் ஒன்றுமே பகிராமலும் விடலாம். கொடுத்ததைத் தன்னிச்சையாகத் திருப்பி எடுக்க முடியுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்த முறை வினாத்தாளில் "சமஷ்டியின் இயல்புகளை விளக்குக" என்று வந்தால் நாம் எல்லோரும் எழுதப்போவது அதே ஐந்து இயல்புகளைத்தான். எழுதும்போது கேகாலைக் கச்சேரியில் வேலை பார்த்த அந்த எழுதுவினைஞரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம். அவர் கேட்ட கேள்விக்கு எந்த உயர்நீதிமன்றமும் இறுதிவரை பதில் சொல்லவில்லை.